ஜியாலஜி மேப்ல இருக்குற கோடெல்லாம் எங்கேர்ந்து வருது? புதுசா படிக்கிறவங்களுக்கு

2020ல பெரம்பலூர் மாவட்டம் குன்னத்துல உருண்டை உருண்டையா பெரிய கல்லுங்க கிடைச்சுது, டைனோசர் முட்டைன்னு போட்டோ எல்லா குரூப்புலயும் சுத்துச்சு, ஞாபகம் இருக்கும். அப்புறம் தெரிஞ்சவங்க வந்து பாத்துட்டு அது முட்டை இல்ல, பழைய கடலோட சேறு கெட்டிப்பட்டு உருண்டையான கல்லு, கூடவே அம்மோனைட்டுங்கற கடல் உயிரோட தடயமும் இருக்குன்னு சொன்னாங்க. செய்தி அத்தோட முடிஞ்சுபோச்சு. எனக்கு மனசு கேக்கல, ஏன்னா அந்த கல்லு எந்த அடுக்குல இருந்துச்சு, அந்த அடுக்குக்கு கீழ என்ன இருக்கு, அது எந்தப் பக்கமா சாஞ்சு போகுது, இதெல்லாம் யாருமே கேக்கல. முட்டையா இல்லையாங்கற சந்தேகம் தீரணும்னா கூட இந்தக் கேள்விங்க வழியாத்தான் போகணும்.

இந்தக் கேள்விங்களுக்கு ஒரு ஊரு ஊரா நடந்து பதில் எழுதுற வேலைக்குப் பேருதான் ஜியாலஜிக்கல் மேப்பிங். இதப் பத்தி ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. புதையல் மேப்புங்கறாங்க, மண்ணு மேப்புங்கறாங்க, சாட்டிலைட் வந்த பிறகு இதுக்கு வேலையே இல்லங்கறாங்க. எம்எஸ்சி படிக்கறப்ப அரியலூர், பெரம்பலூர் பக்கம் சுத்தியலும் காம்பஸும் தூக்கிட்டு நடந்தவன்ங்கற முறையில எனக்குத் தெரிஞ்சத முடிஞ்ச வரைக்கும் எளிமையா எழுதுறேன், உதாரணமெல்லாம் அந்தப் பக்கத்துலேர்ந்தே எடுத்துக்கறேன்.

மேப்ல இருக்குறது மண்ணும் இல்ல, புதையலும் இல்ல

ஒரு ஜியாலஜி மேப்ப விரிச்சா பச்சை, மஞ்சள், ரோஸ்னு கலர் கலரா பட்டை இருக்கும். மஞ்சள்னா அங்க தங்கம் இருக்கான்னு எங்கிட்ட நெஜமாவே கேட்டவங்க இருக்காங்க. இல்ல. கலருங்கறது பாறையோட வயசையோ வகையையோ காட்டுறதுக்கு போடுற அடையாளம், அவ்ளோதான். அரியலூர் பக்கத்து பாறைங்க பெரும்பாலும் கிரிட்டேசியஸ்ங்கற காலத்தச் சேந்தது, அந்தக் காலத்துக்கு உலகம் பூரா வழக்கமா பச்சைதான் போடுவாங்க, அதனால அந்தப் பக்கத்து மேப்ல பச்சை அதிகம்.

இன்னொண்ணு, மேல கிடக்குற மண்ணையெல்லாம் வழிச்சு எடுத்துட்டா அடியில என்ன பாறை தெரியும்ங்கறதத்தான் இந்த மேப் காட்டுது. கரிசக் காடா இருந்தாலும் சரி, வீடுங்க நெறஞ்ச ஊரா இருந்தாலும் சரி, அதுக்கு அடியில இருக்குறதுதான் மேப்ல வரும். அப்ப உடனே ஒரு கேள்வி வரணும்: அடியில இருக்குறத யாரு பாத்தா? பெரும்பாலான இடத்துல யாரும் பாக்கல. அங்கங்க தெரியுற கொஞ்சூண்டு பாறைய வச்சு நடுவுல இருக்குற மீதிய யோசிச்சு நிரப்பினதுதான் அந்த கலரெல்லாம். இந்தக் கட்டுரையில வேற எதையும் மறந்தாலும் இத மட்டும் மறக்காதீங்க, மேப்ங்கறது போட்டோ இல்ல, ஆதாரத்த வச்சு ஒரு ஆளு போட்ட கணக்கு.

வெள்ளை அடிச்ச சுவர்

பழைய வீட்டு சுவத்துல வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளை அடிப்போம். ஒரு வருஷம் வெறும் சுண்ணாம்பு, ஒரு வருஷம் நீலம் கலந்தது, ஒரு வருஷம் காவி. முப்பது வருஷம் கழிச்சு ஒரு இடத்துல பொறுக்கு விட்டு உதிருறப்ப பாத்தா அடுக்கு அடுக்கா தெரியும், உள்ள இருக்குறது பழசு, வெளிய இருக்குறது புதுசு. கடலடியில மண்ணும் கிளிஞ்சலும் படியறதும் இதே கதைதான், கீழ படிஞ்சது முன்னாடி படிஞ்சது. இப்படி படிஞ்சு வந்த அடுக்குக்கு பெட்டிங்னு பேரு.

இப்ப அந்த சுவத்த உப்புக் காகிதம் வச்சு ஒரு பக்கமா சாய்ச்சு தேய்ங்க. தேய்க்கத் தேய்க்க என்ன ஆகும்? நீலப் பட்டை, அதுக்குப் பக்கத்துல வெள்ளைப் பட்டை, அதுக்குப் பக்கத்துல காவிப் பட்டைன்னு அடுக்குங்க வரிசையா வெளிய வரும். ஒண்ணு மேல ஒண்ணா இருந்தது இப்ப ஒண்ணு பக்கத்துல ஒண்ணா தெரியுது. மழையும் காத்தும் ஆறும் கோடிக்கணக்கான வருஷமா நிலத்த தேய்ச்சது இப்படித்தான், ஜியாலஜி மேப்ல பாக்குற கலர் பட்டைங்க அந்த தேய்ஞ்ச சுவர் தான்.

அரியலூர் பக்கம் இது ரொம்ப அழகா அமைஞ்சிருக்கு. மேற்கால இருக்குறது ரொம்ப ரொம்ப பழைய பாறை, நைஸ், சார்னோகைட் மாதிரி கெட்டியான கருங்கல் வகையறா, வயசு இருநூறு கோடி வருஷத்துக்கும் மேல. அங்கேர்ந்து கிழக்கால நடந்தா முதல்ல ஊட்டத்தூர் அடுக்குங்க வரும், அப்புறம் திருச்சிராப்பள்ளி அடுக்குங்க, அப்புறம் அரியலூர் அடுக்குங்க, அப்புறம் நின்னியூர், அதையும் தாண்டினா கடலூர் மணற்பாறைங்கற செவப்புப் பாறை, அது மேலதான் முந்திரிக் காடெல்லாம். மேற்குலேர்ந்து கிழக்கால ஒரு நாள் பஸ்ல போனாலே சுமார் பதினோரு கோடி வருஷத்துக்கு முன்னாடி கடல் உள்ள வந்ததுலேர்ந்து அது பின்வாங்கினது வரைக்கும் ஒவ்வொரு பக்கமா பொறட்டிட்டு போற மாதிரி.

இந்த மூணு பேரையும், ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர்னு பிரிச்சு வச்சது எச். எஃப். பிளான்ஃபோர்டுன்னு ஒருத்தர். இந்திய ஜியாலஜிக்கல் சர்வே 1851ல ஆரம்பிச்சது, அதுல ஆரம்பத்துலயே வேலைக்கு சேந்தவர், இந்த ஏரியா பத்தின அவரோட அறிக்கை 1862ல வந்துச்சு. நூத்தி அறுவது வருஷம் தாண்டியும் அந்தப் பிரிவு பேருங்க இன்னும் நிக்குதுன்னா அந்த மனுஷன் எவ்ளோ கவனமா பாத்திருப்பாருன்னு யோசிச்சுப் பாருங்க.

ஒரே மாதிரியான பாறை, மேலயும் கீழயும் இருக்குறதோட வித்தியாசம் தெரியுது, மேப்ல வரையுற அளவுக்கு பரப்பும் இருக்குன்னா அந்த அடுக்குக் கூட்டத்துக்கு ஃபார்மேஷன்னு பேரு. ரெண்டு ஃபார்மேஷன் சந்திக்கிற இடம் கான்டாக்ட். மேப்பிங்ல முக்கால்வாசி நேரம் இந்த கான்டாக்ட் எங்க போகுதுன்னு தேடுறதுலதான் போகும்.

சிலசமயம் சுவத்துல பழைய பூச்சையே கொத்தி எடுத்துட்டு அது மேல புதுசா பூசியிருப்பாங்க, அப்ப நடுவுல இருந்த பல வருஷத்து வெள்ளையே காணாம போயிருக்கும். பாறையில அப்படி காலம் காணாம போன இடத்துக்கு அன்கன்ஃபார்மிட்டின்னு பேரு. ஊட்டத்தூர் பக்கம் நைஸ் மேல கடல் படிவு உக்காந்திருக்குற கோட்டுல ஒரு பக்கம் கைய வச்சா இருநூறு கோடிக்கு மேல, இன்னொரு பக்கம் கைய வச்சா பதினோரு கோடி. நடுவுல இருந்ததுக்கு அந்த இடத்துல சாட்சியே இல்ல. அந்தக் கோட்டுல மொத தடவை கைய வச்சப்ப எனக்கு ரொம்ப நேரம் பேச்சே வரல.

சுருக்கமா: அடியில இருக்குறது பழசு, தேய்ஞ்சதால அடுக்குங்க பக்கம் பக்கமா வெளிய தெரியுது, அந்தப் பட்டைங்களோட எல்லைதான் கான்டாக்ட்.

பாறைய எங்க போய் பாக்குறது

சமவெளி கிராமத்துல பாறைய பாக்குறது லேசு இல்ல. எல்லா பக்கமும் வயக்காடு, பருத்திக் காடு, மக்காச்சோளம், ஏரி, ரோடு. மண்ண விட்டு வெளிய தலைய நீட்டிட்டு இருக்குற பாறைக்கு அவுட்கிராப்னு பேரு, அது சில இடத்துல ஒரு கிமீ நடந்தாலும் கண்ணுல படாது.

அப்ப எங்க தேடுவோம்னா ஓடை வெட்டுன கரை, ரயில்வே லைனுக்கு வெட்டுன பள்ளம், குவாரி, முக்கியமா கிணறு. வெட்டு கிணத்த எட்டிப் பாத்தா அடுக்கு வரிசையே தெரியும், படிக்கட்டு இருந்தா எறங்கி தொட்டே பாக்கலாம் (உரிமைக்காரங்கள கேக்காம எறங்காதீங்க, தனியா எறங்கவே எறங்காதீங்க). கிணறு மூடியிருந்தாக் கூட வெட்டுனப்ப அள்ளிப்போட்ட மேடு பக்கத்துலயே கிடக்கும், அதுல கிளிஞ்சல் கல்லு கிடக்கா, சாம்பல் களி கிடக்கான்னு பாத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும். அரியலூர் பக்கம் சிமென்ட் கம்பெனிங்க சுண்ணாம்புக்கல்லுக்கு தோண்டுன பெரிய பெரிய பள்ளங்க இருக்கு, அனுமதி கிடைச்சா ஒரே நாள்ல அங்க கத்துக்கறத வெளிய ஒரு மாசம் அலைஞ்சாலும் கத்துக்க முடியாது.

ஆனா வயல்ல கிடக்குற கல்ல நம்பக் கூடாது. தண்ணி உருட்டிட்டு வந்திருக்கலாம், வரப்பு போட ட்ராக்டர்ல கொண்டுவந்து கொட்டியிருக்கலாம். இப்படி இடம் மாறி வந்த கல்லுக்கு ஃப்ளோட்னு சொல்லுவோம். அது ஒரு துப்பு, சாட்சி இல்ல. ஒரே வகைக் கல்லு ஒரு காடு பூரா சீரா கிடந்து, மேட்டுப் பக்கம் போனதும் சட்டுன்னு நின்னுபோச்சுன்னா அந்த எல்லை பக்கத்துல கான்டாக்ட் இருக்கலாம்னு பென்சில்ல குறிச்சு வச்சுக்குவோம்.

மண்ணும் துப்பு குடுக்கும். களிப்பாறை, சுண்ணாம்புப் பாறை மேல கரிசல் வரும், கடலூர் மணற்பாறை மேல செம்மண்ணு வரும். ஊர்க்காரங்களுக்கு இது பரம்பரையா தெரியும், எந்தக் காட்டுல பருத்தி வரும் எந்தக் காட்டுல முந்திரி வரும்னு அவங்க சொல்றது கிட்டத்தட்ட ஒரு பாறை மேப் தான். அவங்ககிட்ட உக்காந்து பேசாம வர்ற மேப்பிங் எனக்கு அரைகுறையாத்தான் படும்.

காரைங்கற ஊருல மட்டும் நெலம வேற. திருச்சி மாவட்டத்து எல்லைக்குப் பக்கத்துல இருக்குற அந்த இடத்துல களிப்பாறைய மழை அரிச்சு அரிச்சு செடி கொடியே இல்லாம மடிப்பு மடிப்பா பள்ளமும் மேடுமா கிடக்கும், பாறை ஒளிஞ்சுக்க இடமே இல்ல. துப்பாக்கி தோட்டா மாதிரி பெலெம்னைட்னு ஒரு பாசில் (கல்லாப் போன பழங்கால உயிரோட மிச்சம்), அது கணவாய் மீனோட தூரத்துச் சொந்தக்கார உயிரு ஒண்ணோட உள்கூடு, கீழ குனிஞ்சு பாத்தா தெரியும். பாத்துட்டு இருந்த இடத்துலயே வச்சிடுங்க, ஒரு பாசில இடம் மாத்திட்டா அது எந்த அடுக்குன்னு சொல்ற தகவல் செத்துப்போகுது, அப்புறம் அது வெறும் அழகான கல்லு.

ஓட்டு வீட்டு கூரை

இங்கதான் நெறைய பேரு குழம்புவாங்க, அதனால நிதானமா போவோம். படிஞ்சப்ப அடுக்குங்க பாய் விரிச்ச மாதிரி படுத்துத்தான் இருந்திருக்கும். அப்புறம் பூமி அசைஞ்சதுல சாஞ்சிடுச்சு. எவ்ளோ சாஞ்சிருக்கு, எந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு அளக்கணும்.

ஓட்டு வீட்டு கூரைய நெனச்சுக்கங்க. மழை பெஞ்சா ஓட்டு மேல தண்ணி எந்தப் பக்கம் நேரா எறங்கி ஓடுதோ அதுதான் சாய்வுத் திசை. தரைக்கும் கூரைக்கும் நடுவுல இருக்குற கோணம் எவ்ளோ டிகிரியோ அது சாய்வு, இதுக்கு டிப்னு பேரு. உச்சியில முகட்டு மரம் ஒண்ணு ஏறாம எறங்காம சமமா ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கம் போகுது பாருங்க, அது போற திசைதான் ஸ்ட்ரைக். கூரையில சமமா எங்க கோடு போட்டாலும் அது முகட்டு மரத்துக்கு இணையாத்தான் போகும், தண்ணி ஓடுற திசை அதுக்கு நேர் குறுக்கா இருக்கும்.

களத்துல நாங்களும் இதையேதான் செய்வோம், அடுக்கோட பரப்பு மேல கொஞ்சம் தண்ணி ஊத்துவோம், ஓடுற பக்கம் டிப். அப்புறம் கிளைனோமீட்டர் காம்பஸ் வச்சு கோணத்தயும் திசையையும் படிப்போம். மேப்ல இத ஒரு சின்ன குறியால போடுவாங்க, ஸ்ட்ரைக் திசையில ஒரு நீளக் கோடு, அதோட நடுவுலேர்ந்து சாயுற பக்கமா ஒரு குட்டிக் கோடு, பக்கத்துல டிகிரி நம்பர். காம்பஸ் வைக்கிறப்ப சுத்தியல தூர வைங்க, பைக்க விட்டு தள்ளி நில்லுங்க, இரும்பு காம்பஸ் முள்ள இழுத்துடும், நம்பர் தப்பா வந்தாலும் நம்மளுக்குத் தெரியவே தெரியாது.

அரியலூர் பக்கத்து அடுக்குங்க பொதுவா கிழக்கும் தென்கிழக்குமா லேசா சாஞ்சிருக்கு. அதனாலதான் கிழக்கால போகப் போக புது அடுக்கு மேல மேல வருது.

சரி, இந்த ஒரு நம்பர வச்சு என்ன பண்ணலாம்? ரெண்டு கணக்கு போடலாம், ரெண்டும் பத்தாங் கிளாஸ் திரிகோணமிதிதான். ஒண்ணு, அடுக்கோட தடிமன். சமதரையில ஒரு சுண்ணாம்புக்கல் பட்டை 1 கிமீ அகலத்துக்கு தெரியுதுன்னு வைங்க. அகலமா தெரியுதுங்கறதுக்காக அது ஒரு கிமீ தடிமன் இல்ல, சாய்ச்சு வெட்டுன வாழத்தண்டு மாதிரி, அகலமா தெரியும், தண்டு ஒல்லிதான். டிப் 5 டிகிரின்னா உண்மையான தடிமன் சுமார் 87 மீட்டர். 10 டிகிரின்னா சுமார் 174 மீட்டர். அஞ்சே அஞ்சு டிகிரி தப்பா படிச்சா தடிமன் ரெண்டு மடங்கு ஆயிடுது பாருங்க, ஒரே எடத்துல மூணு நாலு தடவை அளக்க சொல்லி எங்கள உயிர எடுத்ததுக்கு காரணம் இதுதான்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

ரெண்டாவது, ஆழம். ஒரு அடுக்கு தரையில தலை காட்டுற இடத்துலேர்ந்து சாய்வுத் திசையில 200 மீட்டர் நடந்து போய் நேரா கீழ தோண்டினா, டிப் 5 டிகிரின்னா, அதே அடுக்கு சுமார் 17.5 மீட்டர் ஆழத்துல வரணும், அதாவது 57 அடி. 400 மீட்டர் போனா 35 மீட்டர், 115 அடி. இந்த நம்பர ஞாபகம் வச்சுக்கங்க, கடைசியில தேவைப்படும்.

சுருக்கமா: முகட்டு மரம் ஸ்ட்ரைக், தண்ணி ஓடுற சரிவு டிப், இந்த ரெண்டும் கையில இருந்தா கண்ணுக்குத் தெரியாத ஆழத்தப் பத்தி ஒரு கணிப்பு சொல்ல முடியும்.

கோடு தெரிஞ்சா எல்லாம் அடுக்கு இல்ல

மேற்கால இருக்குற நைஸ் பாறையிலயும் கருப்பு வெள்ளையா கோடு கோடா இருக்கும். புதுசா வர்றவங்க அதையும் கடல் படிவு அடுக்குன்னே நெனச்சிடுறாங்க. அது பரோட்டா அடுக்கு மாதிரி. பரோட்டால அடுக்கு வந்தது மாவ ஒண்ணு மேல ஒண்ணா ஊத்துனதால இல்ல, வீசி மடிச்சு சுருட்டி அழுத்துனதால. பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துல சூட்டுலயும் அழுத்தத்துலயும் கனிமங்க ஒரே பக்கமா வரிசை கட்டி நிக்கிறதால வர்ற இந்த கோட்டுக்கு ஃபோலியேஷன்னு பேரு. இதுக்கும் டிப், ஸ்ட்ரைக் அளப்போம், ஆனா மேப்ல வேற குறி போடுவோம், ஏன்னா மேல இருக்குறது புதுசுங்கற விதி இங்க செல்லாது.

சார்னோகைட் பேரு எப்படி வந்துச்சுன்னு ஒரு கதை இருக்கு, சொல்லாம இருக்க முடியல. கல்கத்தாவோட ஆரம்பத்தோட சேத்து பேசப்படுற ஜாப் சார்னோக்கோட கல்லறைக் கல்லு இந்தப் பாறையில செஞ்சது, அதப் பாத்து தாமஸ் ஹாலண்ட்ங்கற ஜியாலஜிஸ்ட் 1893ல இந்தப் பேர வச்சாரு. அந்தப் பாறைய ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு மூல இடம்னு உலகம் முழுக்க சொல்றது நம்ம பல்லாவரம். சென்னையில இருக்குறவங்க பக்கத்துலயே இருந்தும் பாத்திருக்க மாட்டாங்க.

காரை களிப்பாறையில இன்னொரு ஏமாத்து இருக்கு. வெயில்ல கண்ணாடி மாதிரி பளபளன்னு ஜிப்சம் கோடுங்க குறுக்கும் நெடுக்குமா ஓடும். அடுக்கு மாதிரி தெரிஞ்சாலும் சிலது அடுக்குங்கள வெட்டிட்டு குறுக்கால போறத பாக்கலாம். சுவத்துல விரிசல் விட்டு அப்புறமா சிமென்ட் வச்சு அடைச்ச மாதிரின்னு வைங்களேன், விரிசல் வெள்ளை அடிச்சதுக்கு அப்புறம்தானே வந்திருக்க முடியும், சிமென்ட் அதுக்கும் அப்புறம். எது எத வெட்டுதோ அது பிந்தினது, இந்த ஒரு விதிய வச்சே எத்தனையோ வழக்கு தீத்துடலாம்.

விரிசல் விட்ட ரெண்டு பக்கமும் ஒண்ணுக்கொண்ணு நகந்து போயிருந்தா அதுக்கு ஃபால்ட்னு பேரு. நகராம வெறுமனே பிளந்திருந்தா ஜாயின்ட். சுவத்துல காவிப் பட்டை விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு அடி ஒசரமாவும் அந்தப் பக்கம் தாழ்வாவும் இருந்தா சுவர் எறங்கியிருக்குன்னு கொத்தனார் உடனே சொல்லிடுவாரு, ஃபால்ட்டயும் அப்படித்தான் கண்டுபுடிக்கிறது, வரிசையா வந்துட்டு இருந்த அடுக்கு திடீர்னு எடம் மாறினா சந்தேகப்படணும். ஃபால்ட்னாலே பூகம்பம் வரப்போகுதுன்னு பயப்படுறாங்க, கோடிக்கணக்கான வருஷமா அசையாம கிடக்குற ஃபால்ட்டு எக்கச்சக்கம்.

சுக்கான் கல்லு எனக்கு கத்துக்குடுத்தது

மொத வாரம் எனக்கு ஒரு ஏரியா பிரிச்சுக் குடுத்தாங்க. பையில ஒரு குட்டி பாட்டில்ல நீர்த்த ஆசிட் இருக்கும், சுண்ணாம்புக்கல்லு மேல ஒரு சொட்டு விட்டா பொறுபொறுன்னு நுரைக்கும், அதான் சோதனை. நான் போன ஓடைக் கரையெல்லாம் வெள்ளையா ஒரு அடுக்கு, சொட்டு விட்டா நுரைக்குது, நான் சந்தோஷமா ஒரு பெரிய சுண்ணாம்புக்கல் ஃபார்மேஷன் கிடைச்சிடுச்சுன்னு மூணு நாளா மேப்ல நீலப் பென்சில தீட்டிட்டே போனேன்.

நாலாவது நாளு ஒரு ஆடு மேய்க்கிற அம்மா நான் உடைக்கிறத பாத்துட்டு, "அது சுக்கான் கல்லுய்யா, மண்ணுல தானா ஊறுறது, எங்க காட்டுலயும் இருக்கு, அந்த மேட்டுலயும் இருக்கு"ன்னாங்க. அப்பத்தான் ஒறச்சுது. நெலத்தடித் தண்ணி மேல ஏறி காயறப்ப அதுல இருக்குற சுண்ணாம்பு மண்ணுக்குள்ளயே கட்டி கட்டியா சேந்து சுக்கான் கல்லு ஆகுது. அதுலயும் சுண்ணாம்புதானே இருக்கு, நுரைக்கத்தானே செய்யும். எந்தப் பாறைக்கு மேலயும் அது வரும், நைஸ் மேல கூட வரும். திரும்பிப் போய் பாத்தேன், நான் அடுக்குன்னு நெனச்சது தரை மேடா இருந்தா மேடாவும் தரை பள்ளமா இருந்தா பள்ளமாவும் தரையோடயே ஏறி எறங்கிட்டு போகுது. உண்மையான அடுக்குக்கு தரைய பத்தி கவலையே இல்ல, அது தன் டிப் பாத்து தன்பாட்டுக்கு போகும். கிளிஞ்சல் ஒண்ணு கூட இல்ல அதுல, அதையும் நான் கவனிக்கல. மூணு நாள் நீலத்த ரப்பர் போட்டு அழிச்சேன்.

இத எழுதுறதுக்குக் காரணம், ஒரு சோதனை ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். ஆசிட் "இதுல சுண்ணாம்பு இருக்கு"ன்னு மட்டும்தான் சொல்லுச்சு, "இது கடலடியில படிஞ்சுது"ன்னு அது சொல்லல, அத நானா சேத்துக்கிட்டேன்.

கோடு போடுறப்ப

சாயங்காலம் ரூமுக்கு வந்ததும் அன்னிக்கு பாத்த ஒவ்வொரு எடத்தையும் நம்பர் போட்டு டோப்போ ஷீட்டுல ஏத்தணும். டோப்போ ஷீட்டுங்கறது சர்வே ஆஃப் இந்தியா போடுற நில அமைப்பு மேப், ஊரு, ஓடை, மேடு பள்ளம் எல்லாம் அதுல இருக்கும். வழக்கமா 1:50,000 அளவு, அதாவது மேப்ல 2 செமீ நெலத்துல 1 கிமீ.

இதுல ஒரு விஷயத்த யாரும் யோசிக்கறதில்ல. மேப்ல கான்டாக்ட்ட ஒரு அரை மில்லிமீட்டர் தடிமனுக்கு பென்சில் கோடா போட்டா அந்தக் கோட்டுக்கு அடியிலயே நெலத்துல 25 மீட்டர் மறைஞ்சிருக்கு. ஒரு வீடு, மாட்டுக் கொட்டாய், கிணறு எல்லாம் அந்தக் கோட்டுக்குள்ள அடங்கிடும். அப்புறம் "மேப்ல என் நெலம் சுண்ணாம்புக்கல்லுன்னு போட்டிருக்கு, அதனால இந்த மூலையில போர் போடலாமா"ன்னு கேட்டா என்ன சொல்றது? அந்தக் கேள்விக்கு இந்த மேப் பத்தாது, அதே எடத்த பெரிய அளவுல வேற தனியா பாக்கணும்.

கோட்டுலயும் தரம் இருக்கு. கான்டாக்ட்ட கண்ணால பாத்து கைய வச்ச எடத்துல முழுக் கோடு. இங்கதான் எங்கயோ இருக்கணும்னு தெரியும் ஆனா மண்ணு மூடியிருக்குன்னா விட்டு விட்டு கோடு. ரொம்பவே யூகம்னா பக்கத்துல கேள்விக்குறி. படிக்கிறவங்க கலர மட்டும் பாத்துட்டு போயிடறாங்க, என்ன கேட்டா மேப்ல கலர விட இந்தக் கோட்டோட தரத்தத்தான் மொதல்ல பாக்கணும். டிப் குறி நெறைய இருக்குற எடத்துல ஆளு நடந்திருக்காரு, குறியே இல்லாம பெருசா கலர் மட்டும் இருக்குற எடத்துல அவருக்கு பாறை கிடைக்கலன்னு அர்த்தம்.

சாட்டிலைட் இருக்கே, எதுக்கு நடக்கணும்?

சாட்டிலைட் படம் நெஜமாவே பெரிய உதவி, நீளமா ஓடுற ஃபால்ட், ஆறு திடீர்னு நேர்கோட்டுல போறது, இதெல்லாம் தரையில நின்னா தெரியாது மேலேர்ந்து பளிச்சுன்னு தெரியும். ஆனா அது பாக்குறது மேல்தோல மட்டும். நெல்லு நட்டிருந்தா நெல்லத்தான் காட்டும். சுக்கான் கல்லையும் கிளிஞ்சல் கல்லையும் ரெண்டையும் வெளிறுன நெலமாத்தான் காட்டும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்கு கல்லான மரம் ஒண்ணு படுத்திருக்கு, 1940ல ஜியாலஜிக்கல் சர்வேவச் சேந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டுபுடிச்சது. அந்த மரம் கிடக்குறது கடல் படிவுல, அப்படின்னா கரை பக்கத்துல இருந்திருக்கணும், கரையிலேர்ந்து மரம் அடிச்சுட்டு வந்து கடலடியில பொதைஞ்சிருக்கணும். இந்த யோசனை எந்தப் படத்துலயும் எழுதியிருக்காது, மரத்தையும் அது பதிஞ்சிருக்குற பாறையையும் பக்கத்துல நின்னு சேத்துப் பாக்குற ஆளுக்குத்தான் அது தோணும்.

வீட்டுலேர்ந்தே பாக்கணும்னா ஜியாலஜிக்கல் சர்வேயோட பூகோஷ்னு ஒரு போர்ட்டல் இருக்கு, உங்க ஊரு எந்தப் பாறையில உக்காந்திருக்குன்னு அதுல தேடிப் பாக்கலாம்.

ரெண்டு கிணறு

பயிற்சி முடியுற வாரத்துல ஒரு பெரியவரு கட்டில்ல உக்காந்தபடியே, "தம்பி, பத்து நாளா கல்லத் தட்டுறீங்களே, என்ன தங்கமா இருக்கு?"ன்னு கேட்டாரு. தங்கம் இல்லங்கய்யா, இந்தக் கிளிஞ்சல் கல்லு அடுக்கு இங்க ஓடையில தெரியுது, 5 டிகிரி கிழக்கால சாஞ்சு போகுது, உங்க காட்டுக்கு அடியிலயும் இருக்கணும்னு மேப்ப விரிச்சுக் காமிச்சேன். அவரு கொஞ்ச நேரம் மேப்பவே பாத்துட்டு, ஏரி எது, கோயில் எதுன்னு கேட்டு தெரிஞ்சுக்கிட்டு, அவரு கிணறு இருக்குற எடத்துல வெரல வச்சாரு. ஓடையிலேர்ந்து கிழக்கால சரியா 200 மீட்டர் வரும். "எங்கப்பா வெட்டுனது. 55 அடியில இந்த ஊசிக் கிளிஞ்சி கல்லு வந்துச்சு, உளி எறங்கல, அத்தோட நிறுத்திட்டாங்க"ன்னாரு. நான் போட்டிருந்த கணக்கு 57 அடி. அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷத்த இப்ப எழுதுறப்பவும் உணர முடியுது.

அவரு நிறுத்தல. "ஆனா என் தம்பி கிணறு இன்னும் அந்தாண்ட இருக்கு"ன்னு வெரல இன்னொரு 200 மீட்டர் கிழக்கால தள்ளி வச்சாரு. "அங்க 22 அடியிலயே வந்துடுச்சே."

115 அடியில வரணும். 22 அடியில வந்தா என்ன அர்த்தம்? நடுவுல ஒரு ஃபால்ட் ஓடி கிழக்குப் பக்கம் மேல தூக்கியிருக்கலாம். இல்ல அடுக்கு அலை மாதிரி மடிஞ்சு திரும்ப மேல ஏறியிருக்கலாம். இல்ல அது இந்தக் கல்லே இல்லாம, இதுக்கு மேல படிஞ்ச வேற ஒரு கிளிஞ்சல் அடுக்கா இருக்கலாம். மூணாவதா சொன்னது சரியான்னு பாக்கணும்னா ரெண்டு கிணத்துக் கல்லையும் பக்கத்துல வச்சு ஒரே கிளிஞ்சலான்னு பாக்கணும். மத்தியானம் வெயில்ல அவரோட தம்பி வீட்டுக்குப் போனோம். கிணத்து மேடு எதுவும் மிச்சமில்ல, எல்லாம் ரோட்டுக்கு அள்ளிட்டு போயிட்டாங்க, வாசப்படிக்கு போட்டிருந்த ஒரே ஒரு பலகைக் கல்லுதான் அந்தக் கிணத்துலேர்ந்து வந்ததுன்னு சொன்னாங்க. மண்டி போட்டு லென்ஸ வச்சு பாத்தேன். ஓடையில பாத்த அதே ஊசி மாதிரி சுருள் கிளிஞ்சல் கொஞ்சம் இருந்துச்சு, நான் அதுவரைக்கும் பாக்காத ஒரு தட்டையான சிப்பியும் அதுல இருந்துச்சு.

அந்த ரெண்டு கிணத்துக்கும் நடுவுல என் மேப்ல விட்டு விட்டு ஒரு கோடு வடக்கு தெற்கா போகுது, பக்கத்துல ஒரு கேள்விக்குறி.